மேடையில் எலக்ட்ரானிக் டிரம்ஸ் எடுபடவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கலாம்

ஹெட்போனில் ஸ்டூடியோ ரெக்கார்டிங் மாதிரி ஒலித்த எலக்ட்ரானிக் டிரம்ஸ் கிட், மேடையில் கிட்டாரும் பேஸும் கீபோர்டும் சேர்ந்த உடனே அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல் ஆகிவிடும். அப்போது எல்லோர் கையும் வால்யூமுக்குத்தான் போகும். டிரம்ஸை ஏற்றுவார்கள். தன் வாத்தியம் தனக்கே கேட்கவில்லை என்று கிட்டாரிஸ்ட் ஆம்ப்பை ஏற்றுவார். பாடகர் மானிட்டரைக் கூட்டச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் மேடை முழுக்க இரைச்சல், டிரம்ஸ் மட்டும் பழையபடி உள்ளேயே அமுங்கிக் கிடக்கும்.

வால்யூம் போதாமல் டிரம்ஸ் அமுங்குவது குறைவு. அந்த ஒலி உட்கார வேண்டிய அலைவரிசையில் வேறொரு வாத்தியம் ஏற்கனவே உட்கார்ந்திருக்கும். அல்லது ஒலியின் முனை, அதாவது அடி விழும் அந்த முதல் சில மில்லிசெகண்ட், வழியில் எங்கோ மழுங்கியிருக்கும். எங்கே என்று கண்டுபிடிக்க, என்ன கேட்கிறது என்பதிலிருந்து தொடங்குவதுதான் வேகமான வழி. ஆக்டபேட் (எட்டு பேடுகள் கொண்ட எலக்ட்ரானிக் தாளக் கருவி) வாசிப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

எதையும் திருகுவதற்கு முன்

மிக்ஸருக்கு ஒரே ஒரு கேபிள்தான் போகிறது என்றால், அது 'எல்/மோனோ' என்று எழுதியிருக்கும் ஜாக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். வலது ஜாக்கில் செருகியிருந்தால், இடப்பக்கம் பான் செய்து, அதாவது ஒதுக்கி, வைத்த ஹை-ஹேட்டும் டாமும் பாதியாகத்தான் போகும், சில கிட்களில் போகவே போகாது.

அடுத்தது மாட்யூலின், அதாவது பேடில் விழும் அடியை ஒலியாக மாற்றும் பெட்டியின், மாஸ்டர் வால்யூம். முக்கால் பங்குக்கு மேலேயே வையுங்கள். அதைக் குறைத்துவிட்டு மிக்ஸரில் கெயினை (உள்ளே வரும் ஒலியின் அளவை) கூட்டினால் கூடவே இரைச்சலும் கூடும். வாசிக்கப் போகும் பாட்டிலேயே மிகப் பலமான அடியை அடித்துக் காட்டி, டிஜிட்டல் மிக்ஸர் என்றால் மீட்டரின் உச்சம் −12 டெசிபெல் பக்கத்தில் நிற்கும்படி கெயின் வைத்தால் போதும். சிறிய மாட்யூல்கள் சிலவற்றில் ஹெட்போனுக்கும் லைன் அவுட்டுக்கும் ஒரே குமிழ்தான். பாட்டின் நடுவே காதுக்குப் போதவில்லை என்று அதைத் தொட்டால் வெளியே மொத்த டிரம்ஸும் ஏறி இறங்கும். சவுண்ட் செக் முடிந்ததும் அந்தக் குமிழின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

மிக்ஸர் சேனலின் ஈக்யூ (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) நேராக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். முந்தைய குழுவின் பாடகருக்காக யாரோ திருகி வைத்தது அப்படியே இருப்பது சர்வ சாதாரணம்.

"தனியாக வாசித்தால் பிரமாதம், எல்லோரும் சேர்ந்ததும் காணோம்"

எல்லா அறிகுறிகளிலும் அதிகம் கேள்விப்படுவது இதுதான். இதன் வேர் மாட்யூலுக்குள்ளேயே இருக்கிறது.

மாட்யூலில் வரும் கிட்கள், அதாவது தயாராகச் சேமித்த ஒலித் தொகுப்புகள், வாங்குபவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் அடி அடித்ததுமே மயங்க வேண்டும் என்ற நோக்கத்தில் செய்யப்பட்டவை. அதனால் பெரிய அரங்கின் ரிவெர்ப் (எதிரொலி), நீண்ட வால், தூக்கிவிட்ட அடி ஒலி (பேஸ்), பளபளக்கும் மேல் ஒலி (டிரெபிள்) எல்லாம் ஏற்கனவே கலந்திருக்கும். நடுப்பகுதி மட்டும் குடைந்தெடுத்த மாதிரி காலியாக இருக்கும். குறைந்த ஒலியில் கேட்கும்போது நம் காது அடி ஒலியையும் மேல் ஒலியையும் குறைவாகத்தான் உணரும் என்பதை ஃபிளெட்ச்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். வீட்டில் மெதுவாகக் கேட்டு "இன்னும் கொஞ்சம் பேஸ், இன்னும் கொஞ்சம் டிரெபிள்" என்று நாம் ஏற்றி வைப்பது அந்தக் குறையை ஈடுகட்டத்தான். மேடை ஒலியில் அந்தக் குறை கிட்டத்தட்ட மறைந்துபோகும். ஏற்றி வைத்த பேஸ் குமுறும், டிரெபிள் குத்தும், நடுவில் ஒன்றுமே இருக்காது. அந்த நடுப்பகுதியில்தான் டிஸ்டார்ஷன் கிட்டார் 200 ஹெர்ட்ஸ் முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை இடைவெளியே இல்லாமல் நிரம்பி நிற்கிறது.

டிரம்ஸ் அடியின் ஒலி ஒரு நொடிகூட நீடிப்பதில்லை. கிட்டாரும் கீபோர்டும் விடாமல் ஒலிக்கும். அதனால் டிரம்ஸின் வால் எப்படியும் மூழ்கிவிடும், மிஞ்சுவது அடியின் முனை மட்டும்தான். மூழ்கப்போகிற வாலை நீட்டி வைப்பதால் மிக்ஸ் கலங்குவதைத் தவிர வேறு பயன் இல்லை.

ஆகவே மாட்யூலில் ஆம்பியன்ஸ், ரூம், ரிவெர்ப் என்று என்ன பெயரில் இருந்தாலும் அதை முழுக்க அணையுங்கள். மேடையிருக்கும் இடமே தேவையான எதிரொலியைத் தரும், போதாவிட்டால் சவுண்ட் இன்ஜினியர் சேர்த்துக்கொள்வார். அவரால் சேர்க்க முடியும், நீங்கள் கலந்து அனுப்பியதைப் பிரித்தெடுக்க முடியாது. அடுத்து கிக் (காலால் அடிக்கும் டிரம்), ஸ்னேர் ('சடக்' என்று வெட்டும் டிரம்), டாம் மூன்றிலும் டிகே நேரத்தை (ஒலி அடங்க ஆகும் நேரத்தை) குறையுங்கள், அதிர்வை அடக்கும் மஃப்லிங் இருந்தால் ஒரு படி கூட்டுங்கள். இப்போது தனியாக வாசித்தால் வறண்டு, சின்னதாக, கொஞ்சம் அசிங்கமாகக்கூட இருக்கும். அப்படியே விடுங்கள். பேண்டு சேர்ந்த பிறகு கேளுங்கள், அதற்கு முன் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

தனியாகக் கேட்டு ஒலி தேர்ந்தெடுக்கும் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒத்திகையில் எல்லோரும் வாசித்துக்கொண்டிருக்கும்போது கிட்டை மாற்றி மாற்றிப் பாருங்கள். ஹெட்போனில் இத்தனை நாள் தள்ளிவிட்டுப் போன ஏதாவது ஒரு எளிய கிட் அங்கே தெளிவாகக் கேட்கும்.

"கிக் தரையில் அதிர்கிறது, காதில் விழவில்லை"

நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஈ சுமார் 41 ஹெர்ட்ஸ். கிக்கின் கனம் பெரும்பாலும் 50 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். இரண்டும் ஒரே அறையில் குடியிருக்கின்றன, விடாமல் ஒலிப்பது பேஸ். அங்கே கிக்கை இன்னும் ஏற்றினால் பேஸும் கிக்கும் சேர்ந்து ஒரே குமுறலாகிவிடும்.

கிக் கேட்பது கீழே இல்லை. கிக் பெடலின் பீட்டர், அதாவது அடிக்கும் சுத்தியல், தோலில் படும் 'டிக்' என்ற சத்தம், ஏறக்குறைய 2.5 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை, அங்கேதான் காது கிக்கை எண்ணுகிறது. முதலில் 300–400 ஹெர்ட்ஸில் 4 முதல் 6 டெசிபெல் வரை குறையுங்கள். அந்தப் பெட்டிச் சத்தம் போனதுமே பாதி தெளிவு வந்துவிடும். பிறகு 3.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 3 டெசிபெல் கூட்டிப் பாருங்கள். மாட்யூலில் பீட்டர் வகை மாற்ற முடிந்தால் ஃபெல்ட்டிலிருந்து மரத்துக்கோ பிளாஸ்டிக்குக்கோ மாற்றுவது ஈக்யூவை விட நன்றாகவே வேலை செய்யும். 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். பெரும்பாலும் காதுக்கு எட்டாத அந்த ஒலி ஸ்பீக்கரின் பலத்தை மட்டும் தின்னும்.

பேஸ் வாசிப்பவரோடு ஒரு பேச்சுவார்த்தையும் தேவை. கிக் 60-ல் கனமாக இருந்தால் பேஸ் அங்கே கொஞ்சம் இறங்கி 100 ஹெர்ட்ஸ் பக்கம் தெளியட்டும். பேஸ்தான் அடியில் நிற்க வேண்டும் என்றால் கிக்கின் அடியைக் குறைத்து 90-க்கு மேல் கொண்டுவாருங்கள். இருவருமே அடியில் இருப்போம் என்றால் முடியாது. டிஜிட்டல் மிக்ஸரில் சைட்செயின் வசதி இருந்தால், கிக் விழும்போது மட்டும் பேஸ் 2–3 டெசிபெல் இறங்கும்படி கம்ப்ரஸரை (பலமான ஒலியைத் தானாக அமுக்கும் வசதி) வைக்கலாம். கேட்பவருக்குத் தெரியவே தெரியாது, கிக் மட்டும் மேலே வந்து நிற்கும். டிரம் மெஷின் பாணியில் நீண்டு இழுக்கும் கிக்கை பேஸ் கிட்டாரோடு சேர்த்து வைக்காதீர்கள். பேஸ் இல்லாத பாட்டுக்கு அது அழகு.

"கிக்கில் டிக் டிக் மட்டும்தான் வருகிறது, கனமே இல்லை"

இதன் காரணங்கள் பெரும்பாலும் சில்லறைக் காரணங்கள்தான். மிக்ஸர் சேனலில் லோ கட் பட்டன் அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மைக்குக்காக இருக்கும் அந்த பட்டன் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும், கிக்கின் உயிர் அங்கேதான். அடுத்து ஸ்பீக்கர். 8 அங்குல ஸ்பீக்கரிடம் 50 ஹெர்ட்ஸைக் கேட்டால் அது தராது. சப்வூஃபர் இல்லையென்றால் கிக்கை 80–100 ஹெர்ட்ஸ் பக்கம் ட்யூன் செய்வதுதான் வழி. கிட்டார் ஆம்ப்பில் டிரம்ஸை விட்டிருந்தால் உடனே கழற்றுங்கள். அந்த ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மங்கிவிடும், அடி ஒலியும் போதாது, டிரம்ஸின் அதிர்ச்சியைத் தாங்கும்படி செய்ததும் அல்ல.

இன்னொன்று ஏமாற்றும். கிக், ஸ்னேர் இரண்டும் சேர்ந்தே மெலிந்து, ஓரங்களில் பான் செய்த டாமும் சிம்பலும் மட்டும் சரியாகக் கேட்டால், இடது வலது கேபிள்களில் ஒன்றின் போலாரிட்டி (பிளஸ்-மைனஸ்) தலைகீழாக இருக்கிறது. நடுவில் இருக்கும் ஒலி இரண்டு பக்கமும் சமமாகப் போவதால், மோனோவில் சேரும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு சேனலில் மட்டும் போலாரிட்டி பட்டனை அழுத்திப் பாருங்கள். கிக் திரும்பி வந்துவிட்டால் கேபிளை மாற்றுங்கள்.

"ஸ்னேர் கிட்டாருக்குள் கரைந்துவிடுகிறது"

இதற்கு சவுண்ட் செக்கில் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கிட்டாரிஸ்டிடம் பாட்டின் மிகப் பலமான பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள், பாடகரும் பாடட்டும். நீங்கள் தாளத்தின் இரண்டாவது எண்ணிலும் நான்காவது எண்ணிலும் ஸ்னேர் மட்டும் அடித்துக்கொண்டிருங்கள். இன்னொரு கையால் மாட்யூலில் ஸ்னேரின் ட்யூனிங்கை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒரு படியில் ஒன்றும் தெரியாது. இரண்டாவது படியிலும் அப்படித்தான். ஏதோ ஒரு இடத்தில், வால்யூமைத் தொடாமலேயே, ஸ்னேர் சட்டென்று கிட்டாருக்கு முன்னால் வந்து நிற்கும். அந்த இடத்தைத் தாண்டினால் மெலிந்து டின் சத்தமாகிவிடும், ஒரு படி திரும்பி வாருங்கள். கொழுத்த, தாழ்வான ஸ்னேர் மெதுவான பாட்டில் சுகம்தான். அடர்த்தியான கிட்டாருக்கு நடுவே அது நிற்காது.

ஈக்யூவில் 200 ஹெர்ட்ஸ் ஸ்னேரின் உடம்பு. அதை முழுக்க வெட்டினால் ஸ்னேர் பொம்மையாகிவிடும், 400–500 பக்கம் குறைப்பது நல்லது. 'சடக்' என்ற வெட்டு 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸுக்குள் இருக்கும், பாடகரின் உச்சரிப்புத் தெளிவும் அங்கேதான். ஆகவே 3-ல் ஏற்றாமல் 5-க்குப் பக்கத்தில் ஏற்றினால் இருவரும் பிழைப்பார்கள். கிட்டாரிஸ்ட் தன் டிஸ்டார்ஷனைக் கால்பங்கு குறைக்கச் சம்மதித்தால், இந்த எல்லா ஈக்யூவையும் விட அது பெரிய உதவி. டிஸ்டார்ஷன் கூடக்கூட கிட்டாரின் அலைவடிவம் நசுங்கி, டிரம்ஸ் நுழைய ஒரு இடுக்குகூட இல்லாமல் போகிறது.

கம்ப்ரஸர் போட்டிருந்தால் அதன் அட்டாக் நேரத்தைப் பாருங்கள். 1 மில்லிசெகண்டில் பாய்ந்து பிடித்தால் ஸ்னேரின் முனையையே கம்ப்ரஸர் கடித்துவிடும். 10 முதல் 30 மில்லிசெகண்ட் விட்டால் முனை தப்பிப் போகும், வால்தான் அமுங்கும். மாட்யூலுக்குள்ளும் மிக்ஸரிலும் சேர்த்து இரண்டு கம்ப்ரஸர் ஓடுகிறதா என்பதையும் கவனியுங்கள், ஒன்றை அணையுங்கள்.

"சத்தம் இருக்கிறது, அடியில் உயிர் இல்லை"

மேடையில் எல்லோருமே வீட்டை விடப் பலமாகத்தான் அடிப்போம். பேட் அந்தப் பலத்தை 1 முதல் 127 வரை ஒரு எண்ணாக மாற்றுகிறது. வீட்டில் மென்மையாக அடித்து சென்சிடிவிட்டி வைத்திருந்தால், மேடையில் எல்லா அடியும் 127-லேயே முட்டி நிற்கும். கோஸ்ட் நோட்டும் (மெல்லிய அடி) ஆக்சென்ட்டும் (அழுத்தமான அடி) ஒரே உயரமாகி, ரோல் அடித்தால் இயந்திரத் துப்பாக்கி மாதிரி ஒரே மாதிரிக் குண்டுகள் விழும். மாட்யூலின் திரையில் அடியின் அளவு காட்டும் பட்டையைப் பார்த்துக்கொண்டே, மேடையில் அடிக்கும் பலத்தில் அடியுங்கள். சாதாரண பேக்பீட் (இரண்டிலும் நான்கிலும் விழும் ஸ்னேர் அடி) பட்டையின் முக்கால் உயரத்துக்கு வரும்வரை சென்சிடிவிட்டியைக் குறையுங்கள். உச்சத்தை ரிம்ஷாட்டுக்கும் கிராஷுக்கும் விட்டுவையுங்கள். வித்தியாசம் இருந்தால்தான் காது அடியைப் பிடித்துக்கொள்ளும்.

அது சரியாக இருந்தும் உயிர் வரவில்லையென்றால் ஸ்பீக்கரின் லிமிட் விளக்கைப் பாருங்கள். ஒவ்வொரு கிக்குக்கும் அது மின்னினால், டிரம்ஸின் முனையைத்தான் ஸ்பீக்கர் தறித்துக்கொண்டிருக்கிறது. டிரம்ஸின் உச்சம் அதன் சராசரியை விட 15–20 டெசிபெல் மேலே தாவும். அந்தத் தாவலுக்கு இடம் விடாத ஸ்பீக்கரில் மிக்ஸரின் ஃபேடரை (சேனலின் வால்யூம் பட்டையை) ஏற்றுவது வீண். மற்ற எல்லோரையும் 3 டெசிபெல் இறக்குங்கள்.

"ஹை-ஹேட்டும் சிம்பலும் மட்டும் காதைக் குத்துகின்றன"

மாட்யூலுக்குள் அவற்றின் லெவலை 3 முதல் 6 டெசிபெல் குறையுங்கள். 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், 3–4 கிலோஹெர்ட்ஸில் லேசாகக் குழி பறியுங்கள். குத்துவது பி.ஏ. ஸ்பீக்கரின் ஹார்ன் வழியாக என்பதால் ஹெட்போனில் இது தெரியாது, ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று கேட்க வேண்டும்.

இதையெல்லாம் தனித்தனியாகச் செய்ய, ஒலிகள் மிக்ஸருக்குத் தனித்தனியாகப் போக வேண்டும். ரோலண்ட் டிடி-50-ல் எட்டு டைரக்ட் அவுட் உண்டு, டிடி-27-ல் இரண்டு. டிடி-17 போல ஸ்டீரியோ அவுட் மட்டும் இருக்கும் மாட்யூலுக்கு ஒரு பழைய உத்தி இருக்கிறது: கிக்கை முழுக்க இடது பக்கம் பான் செய்யுங்கள், மற்ற எல்லாவற்றையும் முழுக்க வலது பக்கம். இரண்டு கேபிள்களையும் இரண்டு தனி மோனோ சேனலில் செருகி, மிக்ஸரில் இரண்டையும் நடுவில் வையுங்கள். ஸ்டீரியோ போய்விடும், பரவாயில்லை. பெரும்பாலான மேடை ஸ்பீக்கர்கள் மோனோவில்தான் ஓடுகின்றன. கைக்குக் கிடைப்பது கிக்குக்கென்றே ஒரு ஃபேடரும் ஈக்யூவும் கம்ப்ரஸரும். மாட்யூலில் ரிவெர்ப் அணைந்திருந்தால்தான் இது சுத்தமாகப் பிரியும்.

"வெளியே நன்றாகக் கேட்கிறதாம், மேடையில் எங்களுக்குத்தான் கேட்கவில்லை"

அகூஸ்டிக் டிரம்ஸ் தன்னாலேயே மேடையை நிரப்பும். எலக்ட்ரானிக் கிட் ஸ்பீக்கர் இல்லாமல் ரப்பரைத் தட்டும் சத்தம்தான். பேஸ் வாசிப்பவருக்குக் கிக் கேட்கவில்லையென்றால் அவர் தாளத்தைக் கிட்டாரிலிருந்து பிடிப்பார், குழு மொத்தமும் மெல்ல மெல்லத் தளர்ந்துபோகும். மிக்ஸ் சரியில்லை என்று வெளியே சொல்வதில் பாதி உண்மையில் இந்தத் தளர்ச்சிதான்.

டிரம்ஸுக்கென்று ஒரு பவர்டு ஸ்பீக்கர், 12 அங்குலமாவது, டிரம்மருக்குப் பக்கத்தில் காது உயரத்தில், குழுவைப் பார்த்தபடி நிற்க வேண்டும். தரையில் வைத்தால் அடி ஒலி குமுறும், முனை முழங்காலோடு நின்றுவிடும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். 4 மீட்டர் தள்ளியிருந்தால் 12, அது விரலுக்கே தெரிய ஆரம்பிக்கும். ஸ்பீக்கர் பக்கத்தில் இருப்பது அதற்காகவும்தான். மைக் இல்லாததால் டிரம்ஸால் ஃபீட்பேக் வரும் என்ற பயமும் வேண்டாம்.

"அடிக்காத பேட் தானாக ஒலிக்கிறது"

பேஸ் ஆம்ப்பின் அதிர்வு மேடைப் பலகை வழியாக ராக்குக்கு, அதாவது பேடுகள் மாட்டிய சட்டத்துக்கு, ஏறுகிறது. கிட்டுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள், அந்த ஆம்ப்பைத் தள்ளி வையுங்கள். பிறகு அந்த பேடின் த்ரெஷ்ஹோல்டை (ஒலிக்கத் தேவையான குறைந்தபட்சப் பலத்தை), மெல்லிய அடிகள் தொலையாத அளவுக்கு, ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். பக்கத்து பேடை அடித்தால் மட்டும் ஒலிக்கிறது என்றால் கிராஸ்டாக் கேன்சலைத் தொடுங்கள்.

"உம்ம்ம் என்ற இரைச்சல்"

பெரும்பாலான மாட்யூல்களின் ஜாக் அன்பேலன்ஸ்டு (இரைச்சலை எளிதில் வாங்கும் வகை) என்பதால் நீண்ட கேபிளில் நேராக மிக்ஸருக்குப் போகக் கூடாது. சில மீட்டருக்குள் டி.ஐ. பாக்ஸ் (சிக்னலை பேலன்ஸ்டாக மாற்றும் சிறு பெட்டி) வைத்து, அங்கிருந்து எக்ஸ்எல்ஆரில் அனுப்புங்கள். உறுமல் தொடர்ந்தால் டி.ஐ.யின் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்துங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துவிடாதீர்கள், அது உயிர் விஷயம்.

"அடிக்கும் சத்தம் தாமதமாக வருகிறது"

லேப்டாப்பிலிருந்து ஒலி எடுக்கிறீர்கள் என்றால் பஃபர் அளவை (லேப்டாப் ஒரு தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவை) பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.9 மில்லிசெகண்ட், 512 என்றால் 11.6. போக வர ஆகும் மற்ற தாமதங்கள் இதற்கு மேல். புளூடூத் ஹெட்போனை டிரம்ஸ் கண்காணிக்கப் பயன்படுத்தவே கூடாது.

"ஒரு பாட்டில் கேட்கிறது, அடுத்த பாட்டில் கேட்கவில்லை"

கிட் மாறும்போது லெவலும் மாறுகிறது. நிகழ்ச்சியில் பயன்படுத்தப்போகும் கிட்களை மட்டும் வரிசையாக அடுக்குங்கள். ஒன்றை அளவுகோலாக வைத்து, அதே பலத்தில் கிக்கையும் ஸ்னேரையும் அடித்து, மிக்ஸர் மீட்டரில் மற்றவை அதே உயரத்துக்கு வருகின்றனவா என்று பாருங்கள். சரிசெய்வது மாட்யூலின் கிட் வால்யூமில்தான் நடக்க வேண்டும், ஃபேடரில் இல்லை. மீட்டரில் சமமாக இருந்தும் ஒன்று பின்தங்கினால் அதில் ரிவெர்ப் அணையாமல் இருக்கும், அல்லது ஸ்னேர் தாழ ட்யூன் ஆகியிருக்கும். எல்லாம் முடிந்ததும் கிட்களை வேறு பெயரில் சேமித்து, எஸ்டி கார்டிலோ யூஎஸ்பியிலோ ஒரு பேக்கப் எடுத்துக்கொண்டு, அதன் பிறகே மாட்யூலை அணையுங்கள்.